ஃபைன்: சன்னத்துக்கும் ‘பரவாயில்லை’க்கும் நடுவே ஓர் ஆங்கிலச் சொல்

மயிலாடுதுறைப் பக்கத்துப் பையன் ஒருவன், என்னிடம் இரண்டு வருடம் மாலை வகுப்பில் ஆங்கிலம் படித்தவன், போன வருடம் கப்பல் வேலைக்குப் போனான். போய்ப் பத்து நாளில் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு. “சார், எல்லாம் நல்லாத்தான் இருக்கு. காபிதான் கிடைக்க மாட்டேங்குது. மெஸ்ல ஒருத்தர் ஃபிளாஸ்கைத் தூக்கிட்டு வர்றாரு. என்கிட்ட நின்னு என்னமோ கேக்குறாரு. நான் மரியாதையா ‘ஐயாம் ஃபைன் சார்’னு சொல்றேன். சிரிச்சுட்டு அடுத்த ஆளுக்கு ஊத்தப் போயிடுறாரு.”

சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது, தப்பு என்னுடையது என்று. ‘ஹவ் ஆர் யூ’ என்றால் ‘ஐயாம் ஃபைன்’ என்று ராகம் போட்டுச் சொல்லிக்கொடுத்தவன் நான். அவர் கேட்டது ‘காபி?’ என்று. அதற்கு ‘ஐயாம் ஃபைன்’ என்றால் ‘எனக்கு வேண்டாம்’ என்று அர்த்தம். பத்து நாள் காபியை அவன் தானே மறுத்திருக்கிறான், அதுவும் மரியாதையாக.

அன்றிலிருந்து இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் என் வகுப்பில் மூன்று மாலை ஒதுக்குகிறேன். அங்கே சொல்வதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். நோட்டு எடுக்க வேண்டியதில்லை. இரண்டு தமிழ்ச் சொற்களை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: சன்னம், பரவாயில்லை. முக்கால்வாசி இடத்தில் இந்த இரண்டில் ஒன்று பொருந்திவிடும்.

முதல் படி: வேரைப் பார்த்துவிடுவோம்

லத்தீனில் ‘ஃபீனிஸ்’ என்றால் எல்லை, முடிவு. ஃபைனல், ஃபினிஷ் எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள்தான். பழைய பிரெஞ்சில் அது ‘ஃபின்’ ஆனபோது, இதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை என்கிற அளவுக்குத் தேற்றப்பட்ட பொருளைக் குறித்தது. 13ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தது. புடைத்து, சலித்து, தேய்த்து, கடைசி வரை கொண்டுபோன பொருள் எப்படி இருக்கும்? மெலிந்து, நுணுகி, மாசில்லாமல் இருக்கும். நுண்மை, தூய்மை, உயர்வு ஆகிய மூன்று அர்த்தமும் அந்த ஒரே உழைப்பில் பிறந்தவை. ‘நலம்’, ‘ஆகட்டும்’ என்ற அர்த்தங்கள் பிறகு ஒட்டிக்கொண்டன.

இரண்டாம் படி: பொருளோடு வந்தால் சன்னம்

‘ஃபைன் ரைஸ்’ என்று ஒரு மூட்டையில் போட்டிருக்கிறது. நல்ல அரிசி என்று படித்தால் தப்பு. கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: சன்ன ரகம், பொது ரகம் என்று அங்கே இரண்டு விலை உண்டு. அரசுக் கணக்கில் சன்ன ரகத்துக்கு ‘கிரேடு ஏ’ என்று பெயர். மணியின் நீளம் அகலத்தைப்போல் இரண்டரை மடங்கோ அதற்கு மேலோ இருந்தால் அதில் சேரும், குறைந்தால் பொது ரகம். 2024-25க்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்குப் பொது ரகம் 2,300 ரூபாய், கிரேடு ஏ 2,320 ரூபாய். அந்த இருபது ரூபாய் உடல்வாகுக்குத்தான், சுவைக்கு இல்லை. ஆடுதுறை 37 குண்டு அரிசி; இட்லிக்கு அதை விரும்பி வாங்குகிறவர்கள் உண்டு. அது நல்ல அரிசி, ஆனால் ஃபைன் அரிசி இல்லை. இந்த ஒரு வாக்கியம் மனதில் நின்றால் இந்தப் படி பாதி முடிந்தது.

அடுத்து காபிப்பொடிக் கடை. கும்பகோணத்தில் பிறந்துவிட்டு இதைத் தொடாமல் போக முடியாது. வறுத்த கொட்டையை அரைக்கும்போது எவ்வளவு பொடிப்பொடியாக என்பதற்கு ஆங்கிலத்தில் ஃபைன், மீடியம், கோர்ஸ் என்று மூன்று படி சொல்வார்கள். கோர்ஸ் என்றால் இங்கே கொரகொரப்பு. காபி ஃபில்டருக்கு மிகவும் ஃபைனாக அரைத்துவிட்டால், மேல் அடுக்கில் பொடி சேறு மாதிரி அடைத்துக்கொண்டு, விடிய விடிய வைத்திருந்தாலும் டிகாக்‌ஷன் இறங்காது. கரண்டிக் காம்பால் தட்டித் தட்டிப் பார்க்கிற காலை எல்லா வீட்டிலும் ஒரு முறையாவது வந்திருக்கும். ஃபைன் என்பது பாராட்டாக இருந்தால் ‘டூ ஃபைன்’ என்ற குறை எப்படி வரும்? அளவு என்பதால்தான் வருகிறது.

இதே கடையில் நாம் என்ன சொல்கிறோம்? “நைசா அரைச்சுக் குடுங்க.” மாவு மில்லிலும் அதுதான்: இடியாப்பத்துக்கு நைஸ் மாவு. தமிழில் நைஸ் என்கிற சொல் செய்யும் வேலையை ஆங்கிலத்தில் ஃபைன் செய்கிறது. ஒரு வெளிநாட்டுக் கடையில் போய் ‘கிரைண்ட் இட் நைஸ்லி’ என்றால், நன்றாக அரைத்துத் தருகிறேன் என்று தலையாட்டிவிட்டுக் கொரகொரவென்று தந்துவிடுவான். ‘ஃபைன்லி’ என்று கேட்க வேண்டும். (‘நைசா நழுவிட்டான்’ என்பதை எப்படி மொழிபெயர்ப்பது என்று கேட்காதீர்கள். அது நம்மூர்ச் சொத்து.)

இன்னொரு கண்ணி, ஷாம்பு பாட்டில். ‘ஃபார் ஃபைன் ஹேர்’ என்று போட்டிருப்பதைப் பார்த்து, என் வகுப்புப் பெண் ஒருத்தி தனக்குத்தான் என்று வாங்கிவிட்டாள். அவளுக்குக் கயிறு மாதிரி முடி. அங்கே ஃபைன் என்றால் இழை மெல்லியதான, படிந்துபோகிற முடி. அழகான முடி என்று யாரும் பாராட்டவில்லை.

எதிர்ச்சொல்லைக் கேட்டுப் பார்ப்பது இந்த இடத்தில் நல்ல உத்தி. ஃபைன் சேண்ட் என்பதற்கு எதிர், கோர்ஸ் சேண்ட். கொத்தனாரிடம் கேளுங்கள்: பூச்சு வேலைக்குச் சலித்த மணல், காங்கிரீட்டுக்குப் பருமணல். ஃபைன் நூலுக்கு எதிர், முரட்டு நூல். எதிராகக் ‘கோர்ஸ்’ வந்து உட்கார்ந்தால் சந்தேகமில்லாமல் சன்னம்தான். ‘பேட்’ வந்து உட்கார்ந்தால் நாம் வேறு படிக்குப் போக வேண்டும்.

இதைக் கண்ணால் பார்க்க விரும்பினால் சுவாமிமலையில் ஏதாவது ஒரு ஸ்தபதியின் பட்டறைக்குப் போங்கள். மெழுகில் சிலையைச் செய்து முடித்ததும் மண் பூசுவார்கள். முதல் பூச்சு காவிரிப் படுகையின் வண்டல். விரலிடையில் தேய்த்தால் மண் என்றே தோன்றாது, விபூதி மாதிரி வழுக்கும். அதன் மேல்தான் பருமனான மண் வரும். ஏன் இந்த வரிசை? மெழுகில் நகக்கண் அளவு கீறி வைத்த புருவக்கோட்டை முதல் மண் அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு சூட்டில் மெழுகு உருகி ஓடி, அந்த இடத்தில் உலோகம் இறங்கும்போது, மண் எதைப் பிடித்ததோ அதுதான் சிலையில் வரும். முதல் பூச்சு ஃபைன், மற்றவை கோர்ஸ். அகராதியில் பத்து வரி படிப்பதைவிட அந்தச் சட்டிக்குள் ஒரு விரல் விட்டுப் பார்ப்பது மேல்.

மூன்றாம் படி: தொட முடியாத சன்னம்

ஒரு சொல் மண்ணிலும் மாவிலும் பழகிவிட்டால் பேச்சுக்குள் வர நேரமாகாது.

‘ஃபைன் பிரிண்ட்’: பத்திரத்தின் அடியில், பாலிசியின் பின்பக்கத்தில் இருக்கும் பொடி எழுத்து. நல்ல அச்சு என்று யாராவது சொன்னால் திருத்திவிடுங்கள். பயிர்க் காப்பீடு கட்டியவர்களுக்கு இது புரியும். பணம் கட்டச் சொன்னது பெரிய எழுத்தில் இருக்கும், எந்த இழப்பை எத்தனை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது பொடி எழுத்தில் இருக்கும்.

‘ஃபைன் லைன்’ என்பது நூலிழை வித்தியாசம். ‘எ ஃபைன் லைன் பிட்வீன்’ என்று தொடங்கினால் இரண்டு பக்கம் எதிர்பாருங்கள்: சிக்கனமும் கஞ்சத்தனமும், கேலியும் அவமானமும்.

‘ஃபைன்-டூத் கோம்ப்’ நம் வீட்டுப் பேன் சீப்புதான். ஒரு கணக்கை அந்தச் சீப்போடு பார்த்தார்கள் என்றால், நாம் சல்லடை போட்டுச் சலித்தார்கள் என்போமே, அது. இரண்டு மொழியும் சன்னமான கண்ணுள்ள கருவியைத்தான் தேடிப் பிடித்திருக்கின்றன என்பதை நான் ரசிப்பதுண்டு.

‘ஃபைன்-ட்யூன்’ என்பதற்குத் தஞ்சாவூர் வீணையைப் பாருங்கள். பிரடை என்கிற முறுக்காணியைத் திருகினால் கம்பி பெரிய அளவில் ஏறி இறங்கும். சுருதி ஏறக்குறைய சேர்ந்துவிடும். அப்புறம் கம்பியின் மறுகோடியில், குடத்தின் பக்கம் இருக்கும் சின்ன வளையங்களை மயிரளவு நகர்த்துவார்கள். அந்தக் கடைசி நகர்த்தல்தான் ஃபைன்-ட்யூனிங். ஏற்கெனவே வேலை செய்கிற ஒன்றில் கடைசிக் கொஞ்சத்தைச் சரிசெய்வதற்கு மட்டுமே இந்தச் சொல். முழுதாகப் பிய்த்துப் போட்டுக் கட்டுவதை ஃபைன்-ட்யூன் என்று அலுவலகக் கடிதத்தில் எழுதுகிறார்கள், எனக்குப் பிடிக்கவில்லை.

‘கட்டிங் இட் ஃபைன்’ பிரிட்டிஷ் பேச்சில் அதிகம். நேரத்தை மிச்சம் வைக்காமல் ஒட்ட நறுக்குவது. தஞ்சாவூரில் உழவன் எக்ஸ்பிரஸ் பிடிக்க வேண்டியவர், புறப்படப் பத்து நிமிடம் இருக்கும்போது ஸ்டேஷன் வாசலில் டீ சொன்னால் அதுதான்.

நான்காம் படி: மாற்றுக் குறையாதது

நகைக்கடையில் 916 என்று கேட்கிறோம். ஆயிரத்தில் 916 பங்கு தங்கம், அதாவது 24இல் 22 காரட். அந்த எண்ணுக்கு ஆங்கிலப் பெயர் ‘ஃபைன்னெஸ்’. தமிழில் இதற்கு அருமையான பழைய சொல் இருக்கிறது: மாற்று. பத்தரை மாற்றுத் தங்கம் என்கிறோமே, அந்த மாற்று. ‘ஃபைன் கோல்டு’ என்றால் கலப்பில்லாத தங்கம். அழகான நகை என்று அர்த்தமில்லை.

இங்கிருந்து தரம் என்ற அர்த்தத்துக்கு ஒரு எட்டுதான். ‘எ ஃபைன் மியூசிஷியன்’ என்று ஒரு விமர்சகர் எழுதினால் அது உண்மையான பாராட்டு. திருவையாற்று ஆராதனையில் பாடுகிற நல்ல வித்வானைப் பற்றித் தயங்காமல் சொல்லலாம். கவனியுங்கள்: பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஒட்டி வந்தால் மதிப்பு கூடுகிறது. ‘தி மியூசிக் வாஸ் ஃபைன்’ என்று தள்ளிப் பின்னால் வந்தால் மதிப்பு சரிகிறது. ஏன் என்பது அடுத்த படியில்.

‘ஃபைன் ஆர்ட்ஸ்’ என்பதைத் தமிழாக்கியவர்கள் இரண்டு வழி போனார்கள். நுண்கலை என்றவர்கள் சன்னத்தைப் பிடித்தார்கள். கவின் கலை என்றவர்கள் அழகைப் பிடித்தார்கள். கும்பகோணத்துக் கல்லூரியின் பெயர் அரசு கவின் கலைக் கல்லூரி. என் ஓட்டு நுண்கலைக்கு, ஆனால் கேட்பாரில்லை.

ஐந்தாம் படி: ‘பரவாயில்லை’

இனிமேல்தான் காபி விஷயம். மனிதர்களும் சூழ்நிலையும் வந்துவிட்டால் சன்னத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, ‘பரவாயில்லை’யை எடுங்கள். இந்தச் சொல்லை நாம் எங்கெல்லாம் போடுகிறோம் என்று ஒரு நாள் முழுக்கக் காது கொடுத்தேன்.

“அம்மாவுக்குக் காய்ச்சல்னீங்களே?” “இப்பப் பரவாயில்லை.”
“லேட்டாயிடுச்சு, மன்னிச்சுக்குங்க.” “பரவாயில்லை, உக்காருங்க.”
“இன்னும் கொஞ்சம் சாம்பார்?” “பரவாயில்லைங்க, போதும்.”
“புது ஓட்டல் எப்படி?” “பரவாயில்லை.”

நான்கு பதிலையும் அப்படியே ‘ஃபைன்’ என்று மாற்றலாம். ‘ஷீ இஸ் ஃபைன் நௌ’. ‘தட்ஸ் ஃபைன்’. ‘ஐயாம் ஃபைன், தேங்க்ஸ்’. ‘இட் வாஸ் ஃபைன்’. உலகத்தின் இரண்டு மூலையில் இருக்கும் இரண்டு சொற்கள் இப்படி ஒரே வேலையைப் பங்கு போட்டுக்கொள்வது அபூர்வம், நமக்கு அதிர்ஷ்டம். இதில் மூன்றாவது பதில்தான் எங்கள் கப்பல்காரனைக் கவிழ்த்தது. காபி வேண்டும் என்றால் ‘யெஸ், ப்ளீஸ்’. வேண்டாம் என்றால்தான் ‘ஐயாம் ஃபைன்’. இப்போதெல்லாம் ‘ஐயாம் குட்’ என்றும் மறுக்கிறார்கள், அதுவும் அதே கதை.

நான்காவது பதில் இன்னும் ஆபத்து. ஒருவர் வீட்டில் விருந்து சாப்பிட்டுவிட்டு ‘தி ஃபுட் வாஸ் ஃபைன்’ என்றால் அந்த வீட்டு அம்மாவின் முகம் வாடும். நம் வீட்டில் கல்யாணச் சாப்பாட்டைப் ‘பரவாயில்லை’ என்று சொல்லிப் பாருங்கள், சம்பந்தி சண்டைக்கு வருவார். மனசார நன்றாக இருந்தால் ‘வொண்டர்ஃபுல்’, ‘லவ்லி’, ‘டெலிஷியஸ்’ என்று ஏதாவது சொல்லிவிடுங்கள். மேலதிகாரியின் யோசனைக்கு ‘இட்ஸ் ஃபைன்’ என்று எழுதுவதும் இப்படித்தான்: ஆட்சேபணை இல்லை என்பது மட்டும் போய்ச் சேரும், உற்சாகம் போய்ச் சேராது. அனுமதி கேட்டு வருகிறவரிடம் ‘ஐயாம் ஃபைன் வித் தட்’ என்றால் ‘எனக்குச் சம்மதம்’.

நலம் விசாரிப்பு மட்டும் சுலபம். ‘நலம், நலமறிய ஆவல்’ என்று கடிதம் தொடங்கிய தலைமுறையின் பிள்ளைகள் நாம். எழுதுகிறவருக்குக் காய்ச்சலே இருந்தாலும் முதல் வரி நலம்தான். ‘ஐயாம் ஃபைன்’ அதே சம்பிரதாயம். ஒன்று: ‘ஐயாம் வெரி ஃபைன்’ என்று நம் வகுப்புகளில் அடிக்கடி கேட்கிறது, காதில் இடிக்கிறது. நலமாக இருப்பதற்கு அளவு கிடையாது. வேண்டுமானால் ‘ஜஸ்ட் ஃபைன்’, ‘பெர்ஃபெக்ட்லி ஃபைன்’. மாவுக்கு மட்டும் ‘வெரி ஃபைன் பௌடர்’ என்று தாராளமாகச் சொல்லலாம், அங்கே அளவு இருக்கிறதே.

வானிலையில் ஒரு தகராறு

ஐப்பசியில் வானம் மூடிக்கொண்டு, லேசாகத் தூறி, வரப்பில் காற்று அடித்தால் நாம் என்ன சொல்வோம்? “கிளைமேட் சூப்பரா இருக்கு.” பஜ்ஜி போடுகிற நாள் அது. பிரிட்டிஷ்காரர் ‘ஃபைன் வெதர்’ என்றால் மழை இல்லாத, வெளுத்த, வெயில் அடிக்கிற நாள். மழையில் சலித்தவர்கள் உண்டாக்கிய அர்த்தம். இங்கே தூறலை வைத்துக்கொண்டு ‘ஃபைன் டே’ என்றால் அவர் குழம்புவார். பயிர் கருகும்போது அவர் ‘ஃபைன் டே’ என்றால் நம் பெரியவர் முறைப்பார்.

‘ஒன் ஃபைன் டே’க்கும் வெயிலுக்கும் சம்பந்தமில்லை. ‘திடீர்னு ஒரு நாள்’ என்று கதை சொல்ல எடுத்துக்கொள்வது.

குரலைக் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள்

‘சரி’ என்ற நம் சொல்லை எத்தனை விதமாகச் சொல்லலாம்? ஃபைனும் அப்படித்தான். இழுத்து, கடைசியில் இறக்கி ‘ஃபைன்!’ என்றால், “சரி சரி, உன் இஷ்டம், என்னமோ பண்ணிக்கோ.” வாட்ஸ்அப்பில் வேறு சொல் எதுவும் இல்லாமல் ‘ஃபைன்’ என்று மட்டும் வந்து பக்கத்தில் முற்றுப்புள்ளியும் இருந்தால், உடனே போன் போட்டுவிடுவது நல்லது.

கிண்டலுக்கும் வரும். ‘எ ஃபைன் மெஸ்’ என்றால் “நல்லா கெடுத்து வச்சே போ.” ‘யூ ஆர் எ ஃபைன் ஒன் டு டாக்’ என்றால் “நீ பேச வந்துட்டியாக்கும்.” நம் ‘நல்ல’வும் இப்படித் தலைகீழாகும் என்பதால் இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

இலக்கணத்தில் ஒரே ஒரு முடிச்சு

‘ஃபைன்லி’ என்ற வினையடை, சன்னமாக என்பதற்குத்தான் அதிகமும். ‘ஃபைன்லி சாப்டு ஆனியன்ஸ்’ என்றால் பொடியாக அரிந்த வெங்காயம். மோட்டார் நன்றாக ஓடுகிறது என்பதற்கு ‘வொர்க்கிங் ஃபைன்’, ‘லி’ ஒட்டக் கூடாது. ஒட்டினால் பம்ப்செட் தண்ணீரைப் பொடியாக அரிகிற மாதிரி ஆகிவிடும். ‘ஃபைனர்’, ‘ஃபைனஸ்ட்’ இரண்டும் வழக்கம்போல.

அபராதம் என்கிற சித்தப்பா

ஹெல்மெட் இல்லாமல் போனால் ‘ஃபைன்’ போடுகிறார்களே, அது பெயர்ச்சொல், வினைச்சொல். நாம் பேசுகிற பெயரடை இல்லை. ஆனால் சொந்தம் உண்டு. வேர் அதே ‘ஃபீனிஸ்’, முடிவு. வழக்கை முடித்துக்கொள்ளக் கட்டிய பணம் அந்தக் காலத்தில் ஃபைன். ஃபைனான்ஸும் அதே வேர்தான், கணக்கை முடிப்பது. எங்கள் ஊரில் ஃபைனான்ஸ்காரரிடம் வாங்கிய எந்தக் கணக்கும் முடிந்ததாக எனக்குத் தெரியவில்லை, அது வேறு.

கடைசியாகக் கொஞ்சம் கைவேலை

கீழே உள்ளதைச் சத்தமாகப் படித்து, எந்தப் படியில் விழுகிறது என்று சொல்லிப் பாருங்கள். ‘தி ஸில்க் இஸ் வெரி ஃபைன்.’ ‘இட்ஸ் ஃபைன், டோண்ட் வொரி.’ ‘ஹீ இஸ் எ ஃபைன் டீச்சர்.’ ‘ஃபைன் டஸ்ட் எவ்ரிவேர்.’ முதலாவது நூல், சன்னம். இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவது மாற்றுக் குறையாதது. நான்காவதைத் தப்பாகச் சொல்கிறவர்கள் அறுவடை நேரத்தில் களத்துப் பக்கம் வந்து நிற்கட்டும், மூக்கே சொல்லிவிடும்.

கப்பல்காரனுக்கு இத்தனையும் எழுதி அனுப்ப நேரமில்லை. ‘யெஸ் ப்ளீஸ் சொல்லுடா தம்பி’ என்று ஒரு வரி தட்டினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: “காபி கிடைச்சுது சார். குடிச்சுப் பாத்தேன். எப்படி இருக்குன்னு கேட்டாரு. இப்பதான் ஃபைன்னு சொன்னேன்.”